பக்கத்து வீட்டு காஸ் குழாய்: சொல்வதா, விடுவதா?

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பக்கத்து வீட்டு அக்கா இடியப்பம் ஓடருக்குச் செய்து கொடுக்கிறார். போன வருடம் ஓடர் கூடியதும், குசினிக்குள் இடம் போதவில்லை என்று சிலிண்டரைப் பல்கனிக்கு மாற்றினார். யாரோ ஒரு பாஸ் வந்து சுவரில் ஓட்டை போட்டு, குழாயை உள்ளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பல்கனியில் உடுப்புக் காயப்போடும்போதுதான் பார்த்தேன். அது காஸ் குழாயே இல்லை, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய். முனையில் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி.

மூன்று கிழமை அக்காவிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மூன்று கிழமையில் நான் விட்ட பிழைகளும், மற்றவர்கள் விட்டு நான் கண்ட பிழைகளும்தான் இது.

முதல் பிழை, மணம் வந்தால் பார்ப்போம் என்று இருந்தது. எல்.பி. காஸுக்குச் சொந்த மணம் கிடையாது. அழுகல் நாற்றம் ஒன்று வருகிறதே, அது கசிவு தெரியவேண்டும் என்று கம்பனியில் கலக்கும் மெர்காப்டனின் நாற்றம். அதுவும் எப்போதும் மூக்குக்கு எட்டாது. அந்தக் காஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசியும் காஸ் மேலே எழும்பாமல் தரையோடு பரவி, அலுமாரிக்கு அடியிலும் தண்ணீர் போகும் துவாரத்திலும் தேங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றப் போதும். கண்ணுக்கு முன்னால் தோட்டக் குழாய் தொங்கும்போது மூக்கின் சாட்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. காஸ் பட்டுப் பட்டு அந்தக் குழாய் இறுகி வெடிப்பு விழும், அதற்கு நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கண்டதையெல்லாம் ஆபத்து என்று நினைப்பது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுத்தடுத்து அடுப்பும் சிலிண்டரும் வெடித்த பிறகு, பல்கனியில் சிலிண்டர் கண்டாலே பயப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் காற்றோட்டமாக வெளியே நிற்பது பிழையில்லை, சொல்லப்போனால் மூடின அலுமாரிக்குள் இருப்பதைவிட நல்லது. பார்க்கவேண்டியது வேறு. சிலிண்டரைப் படுக்கப் போட்டிருக்கிறார்களா (படுத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும், ஒரு லீற்றர் திரவம் இருநூறு லீற்றருக்கு மேல் வாயுவாக விரியும்), ரப்பர் குழாயைச் சுவருக்குள் புதைத்திருக்கிறார்களா, பொருத்தில் டேப் சுற்றியிருக்கிறார்களா. குளியலறைக்குள் தண்ணீர் சூடாக்கும் காஸ் கீசர் வைத்து யன்னலையும் மூடிவிட்டார்களா என்பதும் முக்கியம். அங்கே வருகிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பலருக்கு ஒன்று புரிவதில்லை. கசிவு இப்போது நடக்கிறதா, அல்லது வேலை மோசமாகச் செய்யப்பட்டிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. காஸ் மணக்கிறது என்றால் சொல்வதா விடுவதா என்ற யோசனைக்கே இடமில்லை, 110க்கு எடுங்கள், அது தீயணைப்புப் படை. ஆனால் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அவர்களின் கதவடியில் நின்று போனைத் தட்டாதீர்கள். கோலிங் பெல்லை அமத்தவே கூடாது, பெல்லுக்குள் வரும் சின்னப் பொறி போதும். கையால் கதவைத் தட்டிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டு, லிப்டை விட்டுப் படியால் இறங்கி, வெளியே போய்ப் பேசுங்கள். லைட் போட்டுப் பார்ப்பதும் ஃபேனைப் போட்டுக் காஸை விரட்டுவதும் அதே பிழைதான்.

மணம் இல்லை, வேலை மட்டும் மோசம் என்றால்? எங்கள் ஆட்கள் தடுமாறுகிற இடம் இது. "காட்டிக்கொடுக்கிறது" என்ற சொல் எங்களுக்குச் சும்மா சொல் இல்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் போய்ச் சொன்னதால் என்னென்ன நடந்தது என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அதனால் பொலிஸ், முறைப்பாடு என்ற சொற்களைக் கேட்டாலே வாய் மூடிக்கொள்ளும். நானும் அப்படித்தான். அந்த அக்கா கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார், நான் போய்ச் சொல்லி ஓடர் நின்றுவிட்டால் பாவம் யாருக்கு? பிறகுதான் உறைத்தது, நான் சொல்லப்போவது அக்காவைப் பற்றி இல்லை, ஒரு குழாயைப் பற்றி. அதற்குப் பொலிஸ் முதல் வாசலும் இல்லை. முதல் வாசல் அக்காவின் கதவு.

அந்தக் கதவைத் தவிர மற்ற எல்லாக் கதவையும் தட்டுவதுதான் அடுத்த பிழை. நான் மூன்றாம் மாடி அங்கிளிடம் சொன்னேன், வோச்சரிடம் சொன்னேன். இன்னொருவர் படம் எடுத்து மாடி வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டார். அக்காவுக்கு விஷயம் அவமானமாகத்தான் போய்ச் சேர்ந்தது, குறூப்பை விட்டே போய்விட்டார். நான் போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மூண்டு கிழமையா எரியுது தம்பி, ஒண்டும் நடக்கேல்லையே."

"அக்கா, நான் பிழை பிடிக்க வரேல்ல. காஸ் கொண்டுவாற பெடியனை ஒருக்காப் பார்க்கச் சொல்லுவம். காசு போனா நான் தாறன்."

வாடகை வீடு என்றால் இன்னொரு சிக்கல் வரும். குழாய் போட்டது வீட்டுச் சொந்தக்காரராக இருக்கும், அவர் லண்டனில் இருப்பார். அப்போது குடியிருப்பவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, சொந்தக்காரருக்கு எழுதச் சொல்லுங்கள், மாடியின் முகாமைத்துவக் குழுவுக்கும் சொல்லுங்கள். குழு அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. கடையில் தரமில்லாத குழாயோ றெகுலேட்டரோ விற்றிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. சிலிண்டர் லிட்ரோ கம்பனியுடையது என்றால் அவர்களின் 1311க்கும் எடுக்கலாம். எங்கே சொன்னாலும் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: எந்த மாடி, எந்தத் திகதி, என்ன குழாய், முனையில் என்ன கட்டியிருந்தது. "எந்த நேரமும் வெடிக்கும்" என்று கூட்டிச் சொன்னால், வந்து பார்ப்பவர் அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பமாட்டார். பேசியும் கேட்கவில்லை என்றால் அதற்குமேல் தயங்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் படுப்பது உங்கள் பிள்ளைகளும்தான்.

நானே திருத்திவிடுகிறேன் என்று ஸ்பானரோடு போகவேண்டாம். நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன சொல்ல!

டீலரின் பெடியன் வந்தான். சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பொஞ்சால் பொருத்தில் ஒற்றினான். கட்டுக்கம்பிக்குக் கீழே நுரை கடுகளவு பொங்கி, உடைந்து, திரும்பப் பொங்கியது. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. சுவருக்குள்ளால் ரப்பர் குழாய் போகக்கூடாது, ஒன்றில் செப்புக் குழாயை முறையாகப் போடவேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டரை உள்ளே எடுங்கள் என்றான். எஸ்.எல்.எஸ். தர முத்திரை போட்ட குழாயும் இரண்டு கிளிப்பும் மாட்டினான். சிலிண்டர் பழையபடி குசினிக்கு, யன்னலடிக்குப் போனது.

பச்சைக் குழாய் இப்போது கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறது. சுவர் ஓட்டையில் அக்கா ஒரு ஷொப்பிங் பையைச் சுருட்டி அடைத்திருக்கிறார். வட்ஸ்அப் குறூப்பை விட்டுப் போனவர் இன்னும் திரும்பச் சேரவில்லை.