பிரிண்டர் ப்ரொஃபைல் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் ஓட்டலில் பில்லிங் டெர்மினலுக்கும் பிரிண்டர்களுக்கும் ப்ரொஃபைல் (எந்தப் பிரிண்டர், எந்த முகவரி, எத்தனை எழுத்து அகலம் என்ற அமைப்புகளின் தொகுப்பு) போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். ரோலைத் தலைகீழாகப் போடுவது, கேபிளைச் சரியாகச் செருகாதது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தானாக வந்த ஐபி முகவரியை நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பிரிண்டரில் லேன் கேபிளை மாட்டியதும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தப் பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கொடுக்கும், 192.168.1.103 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ப்ரொஃபைலில் அடித்து, டெஸ்ட் பிரிண்ட் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அது இரவல் முகவரி. கரண்ட் போய் வந்தால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே பல சாதாரண ரவுட்டர்கள் மறந்துவிடும்.

ஒரு ஓட்டலில் சமையலறைக்கு ஒன்று, ஜூஸ் கவுண்டருக்கு ஒன்று என ஒரே மாடலில் இரண்டு பிரிண்டர்களை நான் இப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போய் வந்ததும் இரண்டின் முகவரியும் இடம் மாறிவிட்டன. பிரியாணி ஆர்டரெல்லாம் ஜூஸ் கவுண்டரில் அச்சாகி, அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் சுருண்டு கிடக்க, சமையலறையில் ஆர்டரே வரவில்லை என்று மாஸ்டர் காத்துக்கொண்டிருக்கிறார். டெர்மினலில் ஒரு எரர் கூட இல்லை, ஏனென்றால் எல்லாம் அச்சாகிக்கொண்டுதானே இருக்கிறது! நான் போய் டிரைவரை நீக்கி மறுபடி போட்டதிலேயே அரை மணி நேரம் வீண். காத்திருந்த குடும்பங்கள் எழுந்து போய்விட்டன.

பெரும்பாலான தெர்மல் (சூட்டால் அச்சடிக்கும்) பிரிண்டர்களில் தாளை நகர்த்தும் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் செல்ஃப் டெஸ்ட் சீட்டு வரும். நெட்வொர்க் மாடல் என்றால் மேக் முகவரியும் (அந்தச் சாதனத்துக்கென்றே தயாரிப்பாளர் கொடுத்த அடையாள எண்) பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ரவுட்டரில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே போடலாம், ஆனால் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே: முகவரியின் கடைசி எண்ணாக அது 100 முதல் 200 வரை கொடுத்தால் நீங்கள் 50, 51 என்று வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, வரிசை மாற்றி ஆன் செய்து, ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் ஒரு சீட்டு அடித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

மாடல் எண்ணைப் பெயராக வைப்பது

வேண்டாம். ‘சமையலறை’, ‘ஜூஸ்’ போதும்.

ஒரு ப்ரொஃபைலை எல்லாவற்றுக்கும் காப்பி அடிப்பது

80 மி.மீ. ரோலில் அச்சாகும் அகலம் பொதுவாக 72 மி.மீ. தான், வழக்கமான எழுத்தில் வரிக்கு 48 எழுத்து. 58 மி.மீ. ரோலில் 32 தான். பெரியதன் ப்ரொஃபைலைச் சின்னதுக்குப் போட்டால் தொகை அடுத்த வரியில் போய் விழும், வாடிக்கையாளர் பில்லைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். காசுப்பெட்டியைத் திறக்கும் கட்டளையும் பில் கவுண்டர் ப்ரொஃபைலில் மட்டும் இருக்கட்டும்.

தமிழுக்காகக் கோட் பேஜை மாற்றிக்கொண்டே இருப்பது

பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களின் உள்ளே தமிழ் எழுத்துரு கிடையாது, எத்தனை கோட் பேஜ் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) மாற்றினாலும் கேள்விக்குறியோ புரியாத எழுத்தோதான் வரும். தமிழ் வரிகளைப் படமாக அனுப்புங்கள். கொஞ்சம் மெதுவாக அச்சாகும், ஆனால் மாஸ்டருக்குப் படிக்க வரும்.

எஸ்.என்.எம்.பி. டிக்

விண்டோஸில், நன்றாக இருக்கும் பிரிண்டரை ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் முதலில் போர்ட் அமைப்பில் எஸ்.என்.எம்.பி. (SNMP, பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்கும் முறை) என்பதற்கான டிக்கை எடுத்துப் பாருங்கள்.