பெங்களூரிலிருந்து லண்டன்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க முதன்முறையாகப் புறப்பட்ட அல்சூர் எதிர்வீட்டு மாமி, பேரனின் சுவர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துத் தூரத்தை அளந்துகொண்டிருந்தார். உருண்டையான பூமியை இழுத்துத் தட்டையாக்கிய படத்தில் அந்த அளவு சரியாக வராது. பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதே மிகக் குறுகிய வழி. அதைக் கணக்கிட ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

முதல் படியாக, இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு நிலையம் வடக்கு 13 பாகை (டிகிரி) 12 நிமிடம், கிழக்கு 77 பாகை 42 நிமிடம். லண்டனின் ஹீத்ரூ நிலையம் வடக்கு 51 பாகை 28 நிமிடம், மேற்கு 0 பாகை 27 நிமிடம்.

அடுத்து, நிமிடங்களை 60ஆல் வகுத்துத் தசமமாக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: 42 நிமிடம் என்பது 0.7 பாகை என்பதால் 77.7 என்று எழுத வேண்டுமே தவிர, 77.42 என்று எழுதினால் விடையில் ஏறத்தாழ 19 கி.மீ. பிசகிவிடும். மற்றவை 13.2, 51.47, 0.45 என்று வரும். ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 78.15. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும்.

மூன்றாவதாக, கால்குலேட்டர் பாகைக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கொசைன் 60க்கு 0.5 வந்தால் சரி. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.1786. அவற்றின் கொசைன் மதிப்புகளையும் 78.15இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் 0.1245. இரண்டின் கூட்டுத்தொகையான 0.3031க்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் சுமார் 72.35 பாகை கிடைக்கும். பூமியின் பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கி.மீ. என்பதால், தூரம் சுமார் 8,045 கி.மீ.

பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொண்டால், வகுத்து வருவது 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறவும் இறங்கவும் வேகம் குறைவதற்காக அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. காலை 7 மணிக்குப் புறப்பட்டு, கோடைக்கால லண்டன் நேரப்படி பிற்பகல் 1 மணிக்கு இறங்குவதாக இருந்தால், இரு ஊர் நேரங்களுக்கும் இடையே உள்ள நாலரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டி, இந்திய நேரப்படி மாலை 5.30 என்று கொள்ள வேண்டும். ஆகப் பயணம் பத்தரை மணி நேரம். குளிர்காலத்தில் கூட்ட வேண்டியது ஐந்தரை மணி நேரம். மாமி வெறுமனே ஏழையும் ஒன்றையும் பார்த்து, ஆறே மணி நேரம் என்று மகிழ்ந்திருந்தார்.

நம் கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் இடையே மிஞ்சும் ஒரு மணி நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் அடங்கும். நூல் காட்டும் வழி உக்ரைன் மேலாகச் செல்கிறது. 2022 பிப்ரவரி முதல் அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். மேலும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிர்க்கிறது, திரும்பும்போது தள்ளுகிறது. அதன் வேகத்தைச் சராசரியாக 60 கி.மீ. என்று வைத்து 840ஆலும் 960ஆலும் வகுத்துப் பாருங்கள்: போக 9 மணி 35 நிமிடம், வர 8 மணி 23 நிமிடம்.