முதல் எலெக்ட்ரிக் கார் எடுக்கப்போகிறவர்களுக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்பது, "அக்கா, எந்த எலெக்ட்ரிக் கார் எடுக்கலாம், ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு வேண்டும்?" என்றுதான். நான் முதலில் கேட்பது வேறு: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

நிற்கிற இடத்தில் எர்த் சரியாக உள்ள ஒரு சாதாரண பிளக் இருந்தால் கவலை பாதி தீர்ந்தது. 2 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் ஏறினால் 16 யூனிட். கொஞ்சம் வீணானாலும் சின்னக் கார் அதில் 100 கிலோமீட்டர் பக்கம் ஓடிவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக் இல்லையென்றால், தினமும் போகிற வழியில் நம்பகமான சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காரைத் தேடுங்கள்.

ரேஞ்ச் 300 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னால் குளிர், ஏசி, வேகம் எல்லாவற்றுக்குமாகக் கால்வாசியைக் கழியுங்கள். 225. அதில் தினசரி சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துப் புழங்கினால் 135. பெரும்பாலானவர்களின் ஒரு நாள் ஓட்டத்துக்கு இது தாராளம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அடிக்கடி முழுதாக ஏற்றலாம், ஆனால் கடுங்குளிரில் அது மெதுவாகத்தான் ஏறும்.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் பாதுகாப்பு. லைசென்ஸ் வாங்கிய முதல் சில மாதங்களில்தான் ஆபத்து அதிகம். மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்பதோடு எந்த வருடச் சோதனை என்றும் பாருங்கள். ரெனோ ஸோயி 2013-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2021-இல் அதற்குப் பூஜ்ஜியம். விதிகள் கடுமையானது ஒரு காரணம். தலையையும் காத்த பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் பதிலாக மார்பை மட்டும் காக்கும் ஒன்றை வைத்தது இன்னொன்று. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இல்லாத காரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், என் மாணவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டிப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இழுவை தாமதமில்லாமல் வந்துவிடும், அதனால் இழுவையை மென்மையாக்கும் ஈகோ மோடில் தொடங்குங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் வேகம் எவ்வளவு குறைகிறது, அந்த அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று கவனியுங்கள். பிரேக் பெடலையும் நன்றாக அழுத்திப் பாருங்கள். அவசரத்துக்குக் கால் போக வேண்டிய இடம் அதுதான். வைப்பரையும் கண்ணாடிப் பனி நீக்கியையும் திரையைத் துழாவாமல் போட முடிய வேண்டும். ரிவர்ஸில் பின்கண்ணாடி வழியே என்ன தெரிகிறது என்று திரும்பிப் பாருங்கள், கேமராவை மட்டும் நம்பாதீர்கள்.

பழைய கார் என்றால் பேட்டரியின் மிச்ச ஆரோக்கியத்தை அளந்த அறிக்கை கேளுங்கள். நிஸான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகள் போன்றவற்றின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, வெப்பமான ஊர்களில் அது சீக்கிரம் தேயும். பேட்டரி வாரன்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். மிச்சம் எவ்வளவு, உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். டயரையும் பாருங்கள், இந்த வண்டிகளின் எடைக்கு அது வேகமாகத் தேயும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள். ஒரே கார் இரண்டு விதமான மோட்டாரில் கிடைத்தால், பவர் குறைந்ததற்கும் சேர்த்துக் கேளுங்கள். புதிதாக ஓட்டுகிறவருக்கு அதுவே போதும்.