கூடுதல் 300 ரிங்கிட்டை எதற்குக் கொடுப்பது?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் லேப்டாப் பார்க்கும்போது, "பாஸ், இன்னும் 300 ரிங்கிட் போட்டா ஐ7 பிராசசர் எடுத்துக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று கேளுங்கள்.

லேப்டாப்பின் மூளையான பிராசசருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். இன்டெல் ஐ5-1335யு, ஐ7-1355யு இரண்டிலும் கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள்) 10தான், கேச் (அதற்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 12 எம்பிதான். உச்ச வேகம் மட்டும் 4.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0 ஆகிறது. மெல்லிய லேப்டாப் சூடானால் அந்த வேகமும் நிலைக்காது. வேர்டு, எக்செல், சூம் வகுப்புக்கு வித்தியாசம் தெரியாது. தினமும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களின் கணக்கு வேறு.

அதே பணத்தில் ரேம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 8 ஜிபியிலிருந்து 16 ஆகிறதா? தாராளமாகக் கொடுங்கள். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தள்ளும். எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதானாலும் ரேமைவிட மிக மெதுவானது. நிறைய டேப் திறந்ததும் மெஷின் இழுப்பது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம், பல மெல்லிய மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், பிறகு கூட்டவே முடியாது. காலி ஸ்லாட் உள்ள மாடல் என்றால் அவசரமில்லை, பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் சந்தேகமா? சரி, பழைய லேப்டாப்பில் வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி (அதாவது ரேம்) 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேமுக்குக் கொடுங்கள். சிபியு (அதாவது பிராசசர்) தொடர்ந்து 90ஐத் தாண்டி நின்றால் மட்டும் பிராசசரைப் பற்றி யோசியுங்கள்.