மீன் சாகவில்லை, காற்றுப்பைதான் ஊதியிருந்தது

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் டேபிள் ராக் ஏரியில் அக்டோபர் கடைசியில் பாஸ் மீன் பிடிக்கும் போட்டி. அதற்கு முந்தைய மூன்று நாள் பயிற்சியிலும் ஒரே தொல்லை. 40 அடி ஆழத்தில் பிடித்த ஸ்பாட்டட் பாஸ் வகை மீனைப் படகுத் தொட்டியில் விட்டால், கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். போட்டியில் செத்த மீனுக்கு எடையைக் குறைப்பார்கள்.

ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து தொட்டி நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தாமல் ஓட்டினேன். பலனில்லை. அப்புறம் ஐஸ் போட்டேன், மருந்துத் தூள் கரைத்தேன். எல்லாம் வீண்.

மூன்றாம் நாள் மாலை ஒன்று கண்ணில் பட்டது. மீனைக் கையில் பிடித்துச் சாய்த்தால், உடல் சாய்ந்தாலும் கண் மட்டும் எதிர்ப்பக்கம் சுழன்று மட்டமாக நின்றது. செவுளும் சீராக அசைந்தது. சாகிற மீனின் கண் அப்படிச் சுழலாது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததால் அழுத்தம் குறைந்து, மீன் நீரில் மிதக்க உதவும் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிலர் அந்தப் பையில் ஊசி குத்திக் காற்றை இறக்குவார்கள். இடம் தவறினால் உள்ளுறுப்பில் படும். நான் துடுப்பில் மாட்டும் கிளிப் எடைகளை வாங்கி, வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் இருக்கும் துடுப்பில் ஒன்றை மாட்டினேன். இன்னும் சாய்ந்த மீனுக்கு வயிற்றுத் துடுப்பில் மற்றொன்று. சில நிமிடங்களில் நிமிர்ந்து நீந்தின. அப்பாடா என்றிருந்தது.

எடை போடுமுன் கிளிப்பை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.