அன்னா மக்தலேனாவின் நோட்டிலிருந்து ஒரு மினுவெட்: கீபோர்டில் வாசிக்கப் பழகுவோம்

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் என்றதும் பெரிய தேவாலயமும் ஆர்கனும்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்த பாக் வீட்டுக்குள் இருப்பவர். 1720-இல் மூத்த மகன் ஃப்ரீடமானுக்கு ஒன்பது வயது. அவனுக்காக ஒரு நோட்டுப் போட்டு, எந்த விரலில் எந்தக் கட்டை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு மனைவி மரியா பார்பரா இறந்தார். 1721 டிசம்பரில் பாடகி அன்னா மக்தலேனாவை மணந்தார். அவருக்காக 1722-இல் ஒன்று, 1725-இல் ஒன்று என இரண்டு நோட்டுகள். நாம் எடுக்கப்போகும் ஜி மேஜர் மினுவெட் (மூன்று எண்ணிக்கையில் நடக்கும் நடன இசை) இரண்டாவதில் இருக்கிறது. இதை இயற்றியவர் டிரெஸ்டனின் ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். பாக் இயற்றியது என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

படி 1: 61 கட்டை கீபோர்டே போதும். பெடலைக் கழற்றிவிடுங்கள், பாக் காலத்துக் கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் அது கிடையாது. மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும் வீடியோக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விரல் எண் போட்ட தாளை வைத்துப் பழகுங்கள்.

படி 2: வலது கை. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. டி, ஜி, ஏ என்பவை கட்டைகளின் பெயர்கள்; மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார். முதல் பார்: டி (5), ஜி ஏ பி சி (1 2 3 4). இரண்டாவது: டி (5), ஜி, ஜி (1, 1). எஃப் எப்போதும் ஷார்ப், அதாவது எஃப்-க்கு அடுத்து வலப்பக்கம் உள்ள கருப்புக் கட்டை.

படி 3: பலரும் தடுமாறும் இடம் இதுதான், நானும் இங்கேதான் நின்றேன். மூன்றாவது பார் ஈ-யில் தொடங்குகிறது. கட்டைவிரல் ஜி-யில் இருக்க, சுண்டுவிரலை நீட்டி ஈ-யைத் தொடத் தோன்றும். நீட்டாதீர்கள். இரண்டாவது ஜி-யைக் குறுக்கி வாசித்து, கையை மொத்தமாகத் தூக்கி நகர்த்தி, ஈ-யில் 3-ஆம் விரலை வையுங்கள். அப்புறம் சி டி ஈ எஃப் ஷார்ப் (1 2 3 4) தானாக வரும், அடுத்த ஜி-க்கு 5 தயாராக இருக்கும். 'ஜி, ஜி, ஈ' என்ற இந்த மூன்று ஸ்வரங்களை மட்டும் தனியாக, கையைப் பார்க்காமல் வரும்வரை வாசியுங்கள்.

படி 4: இடது கை. முதல் பாரில் ஜி, பி, டி சேர்ந்து இரண்டு எண்ணிக்கை, பிறகு ஏ. அடுத்த ஐந்து பார்களில் பி, சி, பி, ஏ, ஜி, ஒவ்வொன்றும் மூன்று எண்ணிக்கை. கட்டையை முழு நேரமும் அழுத்தியே வையுங்கள். இது பக்கவாத்தியம் இல்லை, இரண்டாவது பாட்டு. வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் புரியும்.

படி 5: மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இரு கையும் சேருங்கள். நீள ஸ்வரங்களை லேசாகப் பிரித்தும், வேக ஸ்வரங்களைச் சேர்த்தும் வாசித்தால் நடனத்தின் நடை வந்துவிடும். அலங்காரக் குறிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பின்சேர்க்கை: ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவில்லை என்று கருத்துகளில் சிலர் கேட்டிருந்தார்கள். கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் 0-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் சேராவிட்டால், அந்தப் பதிவு ஹார்ப்சிகார்டில் ஏ = 415 ஹெர்ட்ஸ் சுருதியில் இருக்கலாம். நம் கீபோர்டு 440. டிரான்ஸ்போஸை -1 வைத்தால் சேர்ந்துவிடும்.

இது கைக்கு வந்ததும் அதே நோட்டில் அடுத்துள்ள ஜி மைனர் மினுவெட்டுக்குப் போங்கள், அதுவும் பெட்ஸோல்டுடையதே. அதை முடித்து மறுபடி இதை வாசித்தால் இரண்டும் ஒரு ஜோடியாக நிற்கும். அப்புறம் டி மேஜர் மார்ச். அது பாக்கின் மகன் இமானுவேல் சிறுவயதில் இயற்றியது.