பில்டர் விளக்கோடு விளையாடாதீர்கள்: டீசல் வண்டிக்காரர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பொடியன் கராஜுக்கு வான் கொண்டுவந்தான். புதிதாக ஹயருக்கு ஓடத் தொடங்கியவன். டாஷ்போர்டில் பில்டர் விளக்கு, அதாவது டீசல் பில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் விளக்கு, எரிந்துகொண்டே இருந்ததாம். "சென்சர் பிழை" என்று யாரோ சொல்ல, வயரைக் கழற்றிவிட்டான். விளக்கு அணைந்தது. அடுத்த வாரம் எஞ்சினும் நின்றது. எனக்குக் கோபம் வந்தாலும் ஏச வாய் வரவில்லை. நான் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

பெற்றோலை மாற்றி அடிப்பது, ஒயில் மாற்றாமல் ஓடுவது எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

விளக்கு எரிந்தபிறகும் ஓடுவது

2022 இல் டீசல் வரிசையில் நாட்கணக்கில் கிடந்தோம், அதுவும் நம்ம திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு! கிடைத்ததைக் கானில் நிரப்பிக் கொட்டிலில் வைத்தேன். மூடி சரியாக இறுகவில்லை. மார்கழி மழையும் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். நானோ கானைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை தாங்கியில் ஊற்றினேன். சிக்கனமாம்.

கொழும்புக்கு ஹயர். இரவு, கந்தளாய் டவுனுக்குள் விளக்கு எரிந்தது. கடை வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தால் பத்து நிமிட வேலை. ஹபரணையில் பார்ப்போம் என்று விட்டேன். அதன்பிறகு யானைக்காடு, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. வழியிலேயே எஞ்சின் டக் டக்கென்று தட்டி, வெள்ளைப் புகை கக்கி, இழுவை செத்துப்போனது. யானை வருகிறதா என்று பார்த்தபடி விடியும்வரை வானுக்குள் இருந்தோம்.

பழைய லொறியாக இருந்தால் இருமிவிட்டு ஓடியிருக்கும். இப்போதைய கொமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போவது) 1,600 பார், சிலதில் 2,000 பார் அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிறது. அதைப் பீச்சும் இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரோன்தான். தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரோன். அங்கே வேறு மசகு கிடையாது, டீசல்தான் மசகு. தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும், துருவும் பிடிக்கும். இன்ஜெக்டரின் நொசில் முனைச் சூட்டில் அந்தத் தண்ணீர் பட்டென்று ஆவியாகி முனையையே உடைக்கவும் கூடும். பம்ப் அரைபட்டால் அந்தத் தூள் எல்லா இன்ஜெக்டருக்கும் பரவும். எனக்கு நான்கு இன்ஜெக்டரும் பம்பும் போயின. மனைவியின் காப்பு அடகுக்குப் போனது.

விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் பிடியுங்கள். கொஞ்சம் பொறுத்தால் அடியில் தண்ணீர், மேலே டீசல், நடுவில் ஒரு கோடு தெரியும். சுத்த டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்கி, கைப்பம்ப் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். மறுபடியும் எரிந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

மண்ணெண்ணெய் கலப்பது

வள்ளத்து எஞ்சின் குடிக்கிறது என்று வானுக்கும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயில் மசகு குறைவு. பம்ப் தேய்ந்தபிறகுதான் தெரியும்.

சுப்பர் டீசலை மருந்தாக நினைப்பது

சுப்பர் டீசல் யூரோ 4 தரம்; அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சைலன்சரில் புகை வடிகட்டி உள்ள வண்டிக்கு அது நல்லது, சரி. ஏற்கெனவே தாங்கியில் கிடக்கும் தண்ணீரை அது என்ன செய்யும்?

அரைத் தாங்கியோடு நிறுத்திவைப்பது

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் முடிந்ததும் எத்தனையோ வான்கள் இப்படி நிற்கின்றன. தாங்கியின் வெறும் பகுதி இரவில் உள்ளே வியர்க்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் கிருமி வளர்ந்து, கறுப்புச் சளிபோல வந்து பில்டரை அடைக்கும். நிறுத்துமுன் நிரப்பிவிடுங்கள்.

மலிவு பில்டர்

வேண்டாம்.